வாடை வராத அன்னைக்குச் சண்டைக்குப் போ

ஏய்யா பேராண்டி, அந்தப் பேனாவைக் கொஞ்சம் சட்டைப் பையில வையி. வந்ததுலருந்து பாக்குறேன், சொம்புல முக்குறே, குடத்துல முக்குறே, கேன் தண்ணியில முக்குறே, விட்டா உங்க பாட்டி வெச்ச ரசத்துலயும் முக்கிருவே. "தாத்தா, குழாயில 640 காட்டுது, கேன்ல 32 காட்டுது, இனிமே வீட்டுல கேன்தான்"னு தீர்ப்பு வேற சொல்லிட்டே. பெங்களூரு போய் வந்த புள்ள, உன் தீர்ப்புக்கு மேல எனக்கு என்ன அப்பீலு. ஆனா நானும் பட்டாசு ஆலைக் கலவை அறையில தராசு புடிச்சுப் பொழைச்சவன்தான். எண்ணுன்னா எனக்கும் மரியாதை உண்டு. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்: அந்த 640 எதோட எண்ணு?

தெரியாதா? சரி, நான் சொல்லுறேன். தண்ணியில கரைஞ்சு கெடக்குற உப்பு பூராத்துக்கும் சேத்துப் போட்ட மொத்தக் கணக்கு அது, டி.டி.எஸ்.ம்பாக. அதையும் நேரா அளக்குறதில்லை. தண்ணி எம்புட்டுக் கரண்டைக் கடத்துதுன்னு பாத்து, உத்தேசமா ஒரு எண்ணைத் தட்டி விடுது. என்ன உப்பு, நல்லதா கெட்டதா, உள்ள கிருமி இருக்கா இல்லையா, ஒண்ணும் அதுக்குத் தெரியாது. மாப்பிள்ளை குணம் எப்படின்னு விசாரிக்க ஆளனுப்புனா, போனவன் "எடை எழுவது கிலோ"ன்னு வந்து சொன்ன கதைதான்.

இந்தியத் தர நிர்ணயத்துல குடிதண்ணிக்குன்னு ஒரு ஏடு இருக்கு, ஐ.எஸ். 10500-ன்னு பேரு, 2012-ல திருத்திப் போட்டது. அதுல இந்த மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணிக்கு வழியில்லாத ஊருக்கு 2000 வரைக்கும் பரவாயில்லைன்னு போட்டிருக்கு. இந்தக் கரிசக்காட்டுல ஒரு குழாய் 640 காட்டுனா, மாரியம்மனுக்குப் பொங்கல் வெச்சுட்டுக் குடிக்கலாம். 2019-ல பசுமைத் தீர்ப்பாயம் என்ன சொல்லுச்சு தெரியுமா? 500-க்குக் கீழ இருக்குற தண்ணிக்கு ஆர்.ஓ. மிசினே ஆகாது, தடை போடுங்கன்னு சொல்லுச்சு. மிசின் விக்கிறவன் அதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்.

அவன் இன்னொரு வித்தையும் காட்டியிருப்பானே. ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல உன் வீட்டுத் தண்ணி, ஒண்ணுல அவன் மிசின் தண்ணி. நாலு கம்பி உள்ள ஒரு சாமானை ரெண்டுலயும் தொங்கவிட்டு பிளக்கைச் சொருகுவான். கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள உன் வீட்டுத் தண்ணி செம்மண்ணு நிறத்துக்குக் கலங்கி, நுரை கக்கி நிக்கும். அவன் தண்ணி கம்முன்னு கெடக்கும். "இதையா சார் குழந்தைக்குக் குடுக்குறீங்க?"ன்னு நெஞ்சுல கைய வெப்பான். நம்ம தெருவுக்கும் ஒருத்தன் வந்தான், கம்பெனி பேரு எதுக்கு. உங்க பாட்டி ஒண்ணும் பேசலை. அடுப்படிக்குப் போயி ஒரு சிட்டிகை உப்பைக் கிள்ளிட்டு வந்து அவனோட சுத்தத் தண்ணியில போட்டா. "இப்பப் போடு தம்பி கரண்டை"ன்னா. போட்டான். அதுவும் கலங்கிப் போச்சு. கலங்குறது அழுக்கு இல்லை பேராண்டி, அந்த இரும்புக் கம்பி கரைஞ்சு வர்ற துரு. உப்பு இருக்குற தண்ணியில கரண்டு ஓடும், இரும்பு கரையும். உப்பு இல்லாததுல ஓடாது. அம்புட்டுத்தான். பய போகும்போது பாட்டியைக் கும்பிட்டுட்டுப் போனான்.

சரி, அப்ப எதைப் பாக்கணும்னு கேக்குறே. மொதல்ல கிருமி. உப்பு பத்து வருசத்துல பண்ணுறதைக் கிருமி ஒரு ராத்திரியில பண்ணிரும்.

நம்ம பக்கம் தண்ணி எப்படி வருதுன்னு நினைச்சுப் பாரு. 2021-ல சிவகாசியும் திருத்தங்கலும் சேந்து மாநகராட்சி ஆச்சு, நாம அதை ஒட்டிக் கெடக்குற விஸ்வநத்தத்துக்காரங்க. சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையிலருந்தும் வருது, மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துலயும் வருது. எங்கிட்டோ சுத்தம் பண்ணி, மைல் கணக்கா குழாயில நடந்து, மேல்நிலைத் தொட்டி ஏறி, பொறவு தெருவுக்கு இறங்குது. சுத்தம் பண்ணுன இடத்துல அது நல்ல தண்ணிதான். அங்க ஒரு டம்ளர் புடிச்சுக் குடிச்சு போட்டோ எடுத்துக்கிற அதிகாரிக்கு வயித்துக்கு ஒண்ணும் ஆகாது. சங்கதி அதுக்கு இங்கிட்டுத்தான்.

தண்ணி நம்ம பக்கம் எந்நேரமும் ஓடுறதில்லையே, முறை வெச்சுத்தானே விடுறாக. வால்வை மூடுனதும் குழாய்க்குள்ள அழுத்தம் விழுந்து போகுது. குழாய் எங்கிட்டு ஓடுது? பாதி இடத்துல வாறுகாலை ஒட்டியே ஓடுது. எங்கனயாச்சும் ஒரு இணைப்பு கசிஞ்சா, தண்ணி விடுற அன்னைக்குக் குழாய்த் தண்ணி வெளிய வரும். விடாத அன்னைக்கு வெளியத் தண்ணி உள்ள போகும். வால்வுக் குழியைத் திறந்து பாத்திருக்கியா? மழைக்கு அடுத்த நாள் திறந்து பாரு, பொறவு பேசுவோம்.

அது போதாதுன்னு நம்ம கைங்கரியம் வேற. அழுத்தம் பத்தலைன்னு வாசல்ல குழி தோண்டிக் குழாயைத் தாழ இறக்கி வெச்சிருக்கோம். அந்தக் குழியில மழைத் தண்ணியும் நிக்குது, பாத்திரம் கழுவுன தண்ணியும் நிக்குது. குழாய் வாயி அதுல முங்கிக் கெடந்தா, அழுத்தம் விழுற நேரம் பூராத்தையும் குழாய் குடிச்சிரும். அதுக்கு மேல சில புத்திசாலிக குழாய்லயே நேரா மோட்டாரைப் போட்டு உறிஞ்சுறாக. அவுகளுக்குத் தண்ணி வருது, நெசந்தான். ரெண்டு வீடு தள்ளி வாறுகால்ல உள்ளதும் சேந்து வருது. யாரு வீடுன்னு கேக்காதே. உன் பெரியப்பன் காதுல விழுந்தா வருத்தப்படுவான்.

இம்புட்டுக்கும் காவக்காரன் ஒருத்தன்தான், குளோரின். கடைசித் தெருவுல கடைசி வீட்டுக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாச்சும் அது மிச்சம் நிக்கணும்னு அந்த ஐ.எஸ். ஏட்டுல இருக்கு. மிச்சம் நின்னா, வழியில உள்ள வந்த கிருமியை அது கவனிச்சிருச்சு, இன்னும் கவனிக்கத் தெம்போட இருக்குன்னு அர்த்தம். மிச்சமே இல்லைன்னா, வழியில எதையோ பாத்துச் செலவாகிப் போச்சு, இல்லை போடவே இல்லை. ஆனா நாம என்ன செய்யுறோம்? தண்ணியில லேசா பிளீச்சிங் வாடை வந்தா, "என்னத்தைக் கலந்து விடுறீக, காப்பியே நல்லாயில்லை"ன்னு தண்ணி விடுற ஆளைச் சட்டையப் புடிக்கிறோம். அந்த ஆளு பாவம், மறுநாள் கொறைச்சுப் போடுறான். நாமளும் ஆகா, இளநி மாதிரி இருக்குன்னு குடிக்கிறோம். வாடை வந்த அன்னைக்குச் சண்டைக்குப் போறதை விட்டுட்டு, வாடை வராத அன்னைக்குப் போயிருந்தா இந்த ஊருல ஆசுபத்திரிக்காரனுக்குப் பாதி வருமானம் கொறைஞ்சிருக்கும்.

போடுறதுலயும் ஒரு முறை இருக்கு. 30,000 லிட்டர் தொட்டின்னு வையி. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் சேரணும்னா மொத்தம் 30 கிராம். பிளீச்சிங் பவுடர்ல நல்ல சரக்கா இருந்தா மூணுல ஒரு பங்குதான் குளோரின். ஆக, 90 கிராம் பவுடர். மூட்டையைத் திறந்து போட்டு வெயில்லயும் காத்துலயும் கெடந்த சரக்குன்னா அந்தப் பங்கு பாதியாக் கொறைஞ்சிருக்கும், அதுக்குத் தக்கன கூட்டணும். வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்குனதும் தெளிவை மட்டும் ஊத்தி, அரைமணி நேரமாச்சும் விட்டுட்டுத்தான் வால்வைத் திறக்கணும். ஒரு ஊருல ஒருத்தன் ஒரு கை அள்ளித் தொட்டிக்குள்ள வீசிட்டுக் கீழ இறங்கிட்டான். எந்த ஊருன்னு கேக்காதே, நம்ம மாவட்டமே இல்லைன்னு வெச்சுக்க. எனக்கு அதைப் பாத்துத்தான் சிரிப்பு வந்துச்சு. மணி மருந்துக்கு உப்பையும் அலுமினியப் பவுடரையும் கிராம் பிசகாம நிறுக்குற ஊருக்காரன் நான். எங்ககிட்ட கண்ணளவு, கையளவுன்னு வந்தவனை போர்மேன் கேட்டுக்கு வெளியவே நிறுத்திருவாரு. அப்பிடி நிறுத்தாத இடத்துக் கதையத்தான் நீ பேப்பர்ல படிக்கிறே. பட்டாசுக்கு இருக்குற தராசு தண்ணிக்கு இல்லாமப் போச்சே.

கடைசிக் குழாயில குளோரின் மிச்சம் இருக்கான்னு பாக்க உன் பேனா வேண்டாம். சின்னப் பாட்டில்ல ஆர்த்தோடாலிடின்னு ஒரு மருந்து, தண்ணியில ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளாகும். எம்புட்டு மஞ்சளோ அம்புட்டுக் குளோரின். தண்ணி வெள்ளையாவே நின்னா, அதைத்தான் நீ போட்டோ புடிச்சு அனுப்பணும். கிருமியையே பாக்கணும்னா அதுக்கும் வழி வெச்சிருக்காக. 1982-ல குவாலியர்ல பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்து மஞ்சா, மௌர்யா, ராவ்னு மூணு பேரு ஒரு சங்கதி எழுதுனாக. மருந்து தோய்ச்ச காகிதம் உள்ள பாட்டில்ல தண்ணியை ஊத்தி மூடி வெச்சிரணும். மலக்கழிவு கலந்த தண்ணியா இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல கருகருன்னு ஆகிரும். கரண்டு வேண்டாம், மைக்ராஸ்கோப்பு வேண்டாம், படிப்பு வேண்டாம். எத்தனை கிருமின்னு எண்ணிச் சொல்லாதுதான். கருப்பாகி நிக்கிற பாட்டிலைப் பாத்தவன் எத்தனைன்னு கேக்கவும் மாட்டான். 2019-ல வந்த ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு 5 பொம்பளைகளுக்கு இதையெல்லாம் பழக்கி, பெட்டியும் குடுக்கணும்னு இருக்கு. பெட்டி பீரோவுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு நீயே விசாரி.

அடுத்தது, நம்ம ஊருக்குன்னே உள்ள சமாச்சாரம். கொஞ்சம் கிட்ட வா.

பேன்சி ரகம் செய்யுறோம்ல, வானத்துல போயி கலர் கலரா விரியுதே, அதுக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட் வேணும். பச்சை உப்புன்னு நாம சொல்லுற பேரியம் நைட்ரேட்டுக்கு 2018-ல சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது உனக்குத் தெரியும், ஊரே மாசக்கணக்கா மூடிக் கெடந்துச்சு. பெர்குளோரேட் அந்தச் சண்டையில பேரு அடிபடாத ஆளு. சிந்துனது, அறை கழுவுன தண்ணி, கழிச்ச சரக்கை வெட்டவெளியில போட்டு எரிச்ச சாம்பல், எல்லாம் மண்ணுலதான விழுது. மத்த சில உப்பு மண்ணுல ஒட்டிக்கிட்டு நிக்கும். இது ஒட்டாது. மழை பேஞ்சதும் கரைஞ்சு தண்ணி போற வழியில போயிரும். நிறம் கெடையாது, மணம் கெடையாது, நாக்குக்கும் தெரியாது.

நம்மளைக் குட்டி ஜப்பான்னு சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுறோம்ல, பெரிய ஜப்பான்லருந்தே ஆராய்ச்சிக்காரங்க வந்து தண்ணி புடிச்சுட்டுப் போனாக. 2013-ல அறிக்கை வந்துச்சு. சிவகாசிப் பக்கத்து நிலத்தடித் தண்ணி 57 மாதிரி எடுத்ததுல 17 மாதிரியில, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்பப் போட்டிருந்த 15 மைக்ரோகிராம் அளவைத் தாண்டியிருந்துச்சு. இருந்ததுலயே அதிகம் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் கொஞ்சம் தாராளமா 70 வரைக்கும் விடுது. அந்தத் தாராளத்துக்கும் இது நூறு மடங்குக்கு மேல. பட்டாசு ஆலை இருக்குற பக்கம்தான் கூடுதல்னும் தெளிவாப் போட்டுட்டாக. இப்ப அந்த 7,690 மைக்ரோகிராமை உன் பேனாக் கணக்குக்கு மாத்து. எட்டு மில்லிகிராம்கூட வராது. 640 காட்டுன இடத்துல 648 காட்டும். நீ கண்ணாடியத் துடைச்சுட்டு, "ஒண்ணுமில்லை தாத்தா"ம்பே.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே ஆளுக குழாய்த் தண்ணியும் எடுத்துப் பாத்திருக்காக. அதுல ஒரு மைக்ரோகிராமுல பாதிகூட இல்லை, ஆகக் கூடுனது 0.393. மூணே மூணு மாதிரிதான், அதை வெச்சு நான் கோயில்ல சூடம் அடிக்க மாட்டேன். கம்மா, ஆத்துத் தண்ணியில 30 வரைக்கும் இருந்திருக்கு, அதையும் மறந்துறக் கூடாது. இருந்தாலும் கணக்கு எங்கிட்டுச் சாயுதுன்னு பாரு. 640 காட்டுதுன்னு நீ ஒதுக்குன குழாய் வெளியூர்த் தண்ணி. 32 காட்டுதுன்னு நீ கும்பிட்ட கேன் எந்தத் தோட்டத்துப் போர்த் தண்ணி, அந்தத் தோட்டத்துக்கு அடுத்தாப்புல என்ன ஆலை? கேட்டியா? கேன் கொண்டு வர்ற பயகிட்ட நான் கேட்டேன். "சுத்தமான தண்ணி தாத்தா"ங்குறான். எங்க இருந்துடான்னேன். "ஆட்டோவுலருந்து"ங்குறான்.

ஆர்.ஓ. மிசின் இந்த உப்பையும் பெரும்பாலும் புடிச்சிரும், அதை மறுக்கலை. சவ்வு நல்லா இருக்கணும், காலத்துல மாத்தணும். ஆனா அதே மிசின் குளோரினையும் எடுத்துருது. காவக்காரன் இல்லாத தண்ணி, பாசி புடிச்ச கேன், தூக்கி ஊத்துறவன் கை. 2024 நவம்பர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே அடைச்சு விக்கிற தண்ணியை ஆபத்து அதிகமுள்ள உணவுப் பட்டியல்ல சேத்துருச்சு. நீ 32-ஐப் பாத்துக்கிட்டு உக்காந்திரு.

நான் ஏன் இம்புட்டு நீட்டுறேன்னா, உன் வீட்டுக்காரி மாசமா இருக்கா. பெர்குளோரேட் தொண்டையில இருக்குற தைராய்டு சுரப்பிக்குள்ள அயோடின் போற வழியை மறிக்கும். 1950-கள்ல அந்தச் சுரப்பி கூடுதலா வேலை செஞ்சவுகளுக்கு டாக்டருகளே இதைக் குடுத்துக்கிட்டு இருந்தாக, பொறவு ரத்தத்துக்குக் கேடு வருதுன்னு ஒதுக்குனாக. வயித்துப் புள்ளைக்கு மூளை வளர அந்தச் சுரப்பு வேணும். அதனாலதான் மாசமா இருக்குறவுகளும் கைக்குழந்தையும் முதல்ல சாக்கிரதையா இருக்கணும்கிறது. அயோடின் உப்பு ஒழுங்காச் சேத்தா பாதி பயம் கொறையும். நம்ம ஊருல இன்னாரு இதனால படுத்தாகன்னு நான் சொல்ல வரலை, சொன்னா அது புரளி. நான் சொல்லுறது, பாக்கலைங்குறதைத்தான். காய்ச்சிக் குடிச்சா சரியாப் போகும்னு நினைக்காதே. காய்ச்சுனா கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும்.

இன்னொரு கூத்தையும் கேளு. ஐ.எஸ். 10500-ல பெர்குளோரேட்டுக்குன்னு ஒரு வரியே கெடையாது. நைட்ரேட்டு 45-ஐத் தாண்டக் கூடாதுன்னு இருக்கு, புளோரைடு ஒண்ணு, மிஞ்சிப் போனா ஒண்ணரைன்னு இருக்கு. இதுக்கு மட்டும் இல்லை. ஆக, "எல்லா அளவும் வரம்புக்குள்ள"ன்னு முத்திரை குத்தி உனக்கு ஒரு காகிதம் வந்தா, அது பொய்யில்லை. கேக்காததுக்கு யாரு பதில் சொல்லுவா. கேரளத்துல ஆலுவாப் பக்கம் இஸ்ரோ ராக்கெட்டுக்கு இந்த வகை உப்பு செய்யுற ஆலைக்கு அடுத்த கிணறுகள்லயும் இது கலந்தது தெரிய வந்துச்சு. ராக்கெட் விடுற பெரிய மனுசங்களுக்கும், புஸ்வாணம் விடுற நமக்கும் ஒரே உப்பு, ஒரே கிணறு. அதுல ஒரு பெருமை.

அதனால நாளைக்குக் காலையில உனக்கு வேலை வெச்சிருக்கேன். தண்ணி திறந்து விடுற நேரத்துக்கு ஊருக் கடைசிக் குழாய்க்குப் போ. தொட்டிக்கு அடியில போயி நிக்காதே, அங்க எப்பவும் மஞ்சள் நல்லாத்தான் காட்டும். முதல்ல வர்ற தண்ணியில சொட்டு மருந்து விட்டுப் பாரு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுக்கா பாரு, ரெண்டையும் எழுதி வையி. குடிக்கப் புடிக்கிறது ரெண்டாவதுதான், முதல்ல வர்றது வீடு கழுவ. குடிநீர் வடிகால் வாரியத்து ஆய்வுக்கூடம் மாவட்டத்துல இருக்கு, பணம் கொஞ்சந்தான். கிருமிப் பரிசோதனைக்கு அவுக குடுக்குற பாட்டில்லதான் புடிக்கணும். உன் கோலா பாட்டிலைக் கொண்டு போகாதே. புடிச்சதை ஐஸ்ல வெச்சு அன்னைக்கே சேக்கணும். புடிக்குறதுக்கு முன்னாடி குழாய் வாயை நெருப்புல சுடணும்னு பொஸ்தகத்துல எழுதியிருக்கும். நீ இருக்குறது விஸ்வநத்தம், தீப்பெட்டியைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி நாலா பக்கமும் பாத்துக்க. பிளாஸ்டிக் குழாயின்னா ஸ்பிரிட்டு வெச்சுத் துடைச்சாப் போதும். பெர்குளோரேட்டுக்குத் தனியா, அயனி குரோமட்டோகிராபி இருக்குற ஆய்வுக்கூடமாப் பாத்துக் கேக்கணும், பேரு சொல்லிக் கேக்கணும். நம்ம போர்த் தண்ணி ஒண்ணு, குழாய்த் தண்ணி ஒண்ணு, கேன் தண்ணி ஒண்ணு, மூணையும் குடு. கேனை மறந்துட்டேன்னு மட்டும் வந்து நிக்காதே.

பொறவு மார்ச் 22-ம் தேதி கிராம சபை வருது, உலகத் தண்ணி தினமாம். அன்னைக்கு லீவு போட்டுட்டு வா. நான் எந்திரிச்சுக் கேட்டா, "பெருசு, உக்காரு, பொங்கல் பை வந்துச்சுல்ல"ம்பாக. நீ கேளு. கடைசிக் குழாயில குளோரின் எம்புட்டுன்னு தெனம் எழுதுற நோட்டு எங்கன்னு கேளு, பவுடர் நிறுக்கத் தராசு இருக்கான்னு கேளு. நடுநடுவுல ரெண்டு இங்கிலீசு வார்த்தையும் சேத்துக்க, எழுதிக்கிருவாக. நான் பின் வரிசையில உக்காந்துக்கிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, சரியாத்தான் கேக்கான்"னு பக்கத்து ஆளுகிட்டச் சொல்லி வெக்கிறேன்.